தவழத் தொடங்கும் குழந்தைக்கு வீட்டில் என்னென்ன பாதுகாப்புச் சாமான் வேண்டும்?

குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு, 7 மாதப் பெண் குழந்தை, வீட்டில் நீங்களும் மாமியும் மட்டும், கணவர் வளைகுடாவில். அவர் 15,000 ரூபாய் ஒதுக்கி, இணையக் கடையில் பார்த்த ஒரு பட்டியலையும் அனுப்பியிருக்கிறார்: மூலைக்கு ஒட்டும் ரப்பர், பிளக் மூடி, அலமாரிப் பூட்டு, படிக்கட்டு கேட், கேமரா, குழந்தையின் மூச்சைக் கவனிக்கும் கருவி. மாமி ஏற்கெனவே ஒரு வாக்கர் வாங்கி வந்துவிட்டார். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: "காலையில் மாமி ரப்பர் பால் எடுக்கப் போய்விடுவார், நான் அடுக்களையில் நிற்பேன், இவள் நகர ஆரம்பித்துவிட்டாள்." நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஆள் குறையும் அந்த நேரத்தை எந்தச் சாமான் தாங்கும்?

நான் குழந்தைகள் வார்டிலும் அவசரப் பிரிவிலுமாக 23 வருடம் வேலை பார்த்த நர்ஸ். தமிழ்நாடு, கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு மாநில ஆஸ்பத்திரிகளிலும் இருந்திருக்கிறேன். நம் ஊர் வீடுகளில் குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிகளை ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை இல்லை, அதில் இறங்கப் போவதில்லை. மின்சாரம் பற்றி நான் சொல்வதை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். உறுதியானதை உறுதியாகச் சொல்கிறேன். என் வார்டு அனுபவம் மட்டும்தான் ஆதாரம் என்றால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த நேரத்தைப் பற்றி. நீரில் மூழ்கி இறப்பது 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம்தான் மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வங்கதேசத்துக் கிராமங்கள் பல விதத்தில் நம் ஊரைப் போலத்தான், மழையும் குளமும் வீட்டு வாசலிலேயே இருக்கும். அங்கே ஆராய்ந்தபோது, அம்மா சமையலிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் முற்பகலில்தான் சின்னக் குழந்தைகள் அதிகம் மூழ்கியது தெரிந்தது. அதற்காக ஊருக்குள்ளேயே 'ஆஞ்சல்' என்ற பெயரில் காப்பகங்கள் தொடங்கினார்கள். வங்காளியில் ஆஞ்சல் என்றால் சேலை முந்தானை. காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை, அந்த ஊர்ப் பெண் ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். அங்கே வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு ஆள் இருந்ததுதான் அங்கே மாற்றம்.

இப்போது உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் வெட்டிய மரத்தில் பால் வடிந்து நிற்க ஒன்பது, பத்து ஆகும். மாமி சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து வந்து, அது உறைய ஆசிட் கலந்து டிஷ் என்ற தட்டில் ஊற்றுவதும், நீங்கள் கஞ்சி வடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். குழந்தையைப் பார்க்க ஆள் மிகக் குறைவாக இருக்கும் மணியில்தான் வீட்டில் ஆபத்தான பொருள்கள் எல்லாம் வெளியே வருகின்றன. அதனால் என் முதல் ஆலோசனை பட்டியலில் இல்லாத ஒன்று. அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒரு அக்காவோ, பெரியம்மாவோ தினம் இரண்டு மணி நேரம் வந்து உட்கார முடியுமா என்று கேளுங்கள். 15,000-ல் ஒரு பங்கை அவருக்குச் சம்பளமாகக் கொடுத்தால் அது வீண் செலவு ஆகாது. அங்கன்வாடிக்கு அனுப்ப உங்கள் குழந்தைக்கு இன்னும் வயதில்லை. ஆள் கிடைக்கவில்லை என்றால், அல்லது கிடைத்த பிறகும், மற்றவை.

நம் பகுதியில் எந்த இணையக் கடைப் பட்டியலிலும் வராத முதல் எதிரி ரப்பர் ஆசிட். ஃபார்மிக் ஆசிட் கடையில் பெரும்பாலும் 85 சதவீத அடர்த்தியில் கிடைக்கிறது. பார்ப்பதற்குத் தண்ணீர்தான், நிறமே இல்லை. கேனில் வாங்கியதைச் சோடா பாட்டிலிலோ குடிதண்ணீர் பாட்டிலிலோ கொஞ்சம் ஊற்றி மிஷின் பக்கத்தில் வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். ஒரு வாய் குடித்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். உதடும் நாக்கும் வெளுத்திருந்தன, அழுகைகூடச் சரியாக வரவில்லை. உயிர் பிழைத்தது. ஆனால் புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கிவிட்டதால், அதை விரிக்கத் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது. அந்த அம்மா பாட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே வார்டு வாசலில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதனால் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு பூட்டும். ரப்பர் ஷீட் அடிக்கும் புரையில் (கொட்டகையில்), தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாமல் சுவரில் பொருத்துங்கள். ஆசிட் கேன், கலக்கும் குவளை, அளக்கும் பாத்திரம் எல்லாம் அதற்குள் போகட்டும். வேறு பாட்டிலுக்கு மாற்றவே வேண்டாம். சாவி மாமியின் இடுப்பில் இருக்கட்டும். கலக்கி மீந்ததை அன்றன்றே கொட்டிவிட்டு டிஷ்ஷைக் கழுவிவிடுங்கள். மண்ணெண்ணெய், தின்னர், கழிவறை கழுவும் திரவம், பூச்சிமருந்து எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். எப்படியோ குடித்துவிட்டது என்றால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்ட குழாய் வரும்போது இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும். எலுமிச்சை, ஆப்பசோடா எதுவும் கொடுக்க வேண்டாம். வாயையும் முகத்தையும் நல்ல தண்ணீரில் துடைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கேரளப் பக்கம் இருந்தாலும் அதே எண்தான். கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது தண்ணீர். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சுவர் ஓரத்தில் துவைக்கும் கல்லோ, கவிழ்த்த வாளியோ இருந்தால் இரண்டு வயதில் அது ஏணி. வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்து முழு வாய்க்கும் கம்பி மூடி செய்துவிடுங்கள். வாளி இறங்க ஒரு சின்னக் கதவு, அதற்குக் கொண்டி, அதில் பூட்டு. மேலே வலை கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். இலை விழாமல் தடுக்கும் வலை குழந்தையின் எடையைத் தாங்காது. ஆனால் 7 மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை கிணற்றைவிட நான் பயப்படுவது குளியலறை வாளிக்கு. குழந்தையின் தலை உடம்பின் கணக்குக்கு அதிகக் கனம். எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் அதனால் திரும்ப நிமிர முடியாது. 5 செ.மீ. தண்ணீரே போதும், சத்தமும் வராது. இது உறுதியான விஷயம். வாளியை எப்போதும் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் சேமித்தே ஆக வேண்டும் என்றால் இறுக்கும் மூடியுள்ள டிரம் வாங்குங்கள், குளியலறைக் கதவின் வெளிப்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். இந்தத் தாழ்ப்பாளின் விலை மிகக் குறைவு. உங்கள் கணவர் அனுப்பிய பட்டியலில் உள்ள எதைவிடவும் இது அதிகம் காப்பாற்றும்.

அப்புறம் அரைக்கதவு. பழைய வீடுகளில் முன்வாசலில் இருந்ததே, ஆடும் கோழியும் உள்ளே வராமல் இருக்க? அதேதான் இப்போது வெளியே போகாமல் இருக்க வேண்டும். அடுக்களை வாசலுக்கு ஒன்று, முற்றத்துக்கு இறங்கும் பின்வாசலுக்கு ஒன்று. நம் வீட்டு நிலைகள் அயினியோ, பலாவோ, தேக்கோ, கெட்டியான மரம். ஆசாரி கீல் அடித்தால் அசையாது. இணையக் கடையில் வரும் கேட் பெரும்பாலும் ஒரே அளவு வாசலை நினைத்துச் செய்தது, உங்கள் வாசல் அகலத்துக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. ஆசாரியிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். உயரம் குழந்தையின் மார்புக்கு மேல், முக்கால் மீட்டருக்குக் குறையாமல். கம்பிகள் நெட்டுக்கு நெட்டாக இருக்கட்டும், குறுக்குக் கம்பி வைத்தால் அதில் கால் வைத்து ஏறும். கம்பி இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கீழே தரைக்கும் கதவுக்கும் நடுவிலும் அதே. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்வதுதான் இதில் பயப்பட வேண்டியது. தொட்டில் கட்டில் வாங்கினாலும் இதே அளவைப் பாருங்கள்.

மொட்டைமாடிப் படிக்குக் கைப்பிடி இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குக் கடையில் கேட் வாங்குவதானால் இரண்டு வகை உண்டு. இரண்டு சுவருக்கும் நடுவே திருகி இறுக்கி நிறுத்துவது ஒன்று, ஸ்குரூ போட்டுச் சுவரில் பொருத்துவது இன்னொன்று. படியின் கீழே முதல் வகை போதும். மேலே ஒருபோதும் அதை வைக்காதீர்கள். குழந்தை சாய்ந்தால் கேட்டோடு சேர்ந்து உருளும், பெரியவர்களும் அடிக்கம்பியில் தடுக்கி விழுவார்கள். மேலே ஸ்குரூ வகைதான். வெட்டுக்கல் (செம்மண் பாறையில் வெட்டிய கல்) சுவரில் பூச்சு உதிர்ந்தால் ஸ்குரூ பிடிக்காது, முதலில் ஒரு மரச்சட்டம் அடித்து அதில் பொருத்தச் சொல்லுங்கள். மாடிக்கதவு பூட்டியே இருக்கும் என்றால் இப்போதைக்குக் கீழே ஒன்று போதும்.

அடுக்களை அரைக்கதவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தீக்காயம் என்று வரும் சின்னக் குழந்தைகளில் நான் அதிகம் பார்த்தது தீ பட்டவர்களை அல்ல, வடித்த கஞ்சி, ஆற வைத்த குழம்பு, தேநீர் ஊற்றிய டம்ளர் ஆகியவற்றால் வெந்தவர்களை. இது என் வார்டுக் கணக்கு மட்டும். ஆனால் தரையில் இறக்கி வைத்த கஞ்சிப் பானைக்கும் தவழும் குழந்தைக்கும் நடுவே ஒரு பலகை இருந்திருந்தால் என்று நான் நினைத்த நாள்கள் பல. வெந்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம்.

குழந்தையை உட்கார வைக்கும் வேலிக்கூண்டு, பிளேபென் என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காப்பகத்துக்குக் கிடைத்த அளவு உறுதியான சான்று இந்தக் கூண்டுக்குக் கிடைக்கவில்லை. வங்கதேசத்திலேயே வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கூண்டு இருக்கிறது என்ற தைரியத்தில் ஆள் விலகினால் அது பயன்படாது. இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு நான் வாங்கச் சொல்வேன். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அரைக்கதவுக்கு மேலே பார்த்தால் தெரியும்படி, கூடத்தில் போட்டு, கஞ்சி வடிக்கும் பத்து நிமிடத்துக்கு அவளை உள்ளே விடலாம். பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதாக, அடி நகராததாகப் பாருங்கள். உள்ளே ஏறி நிற்கும் அளவுக்குப் பெரிய பொம்மை போடாதீர்கள். ஒரு மணி நேரம் அடைத்து வைக்கும் இடம் அல்ல அது.

வாங்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைத்தமிழில் பருவங்களை மாதக் கணக்கில் வைத்தார்கள்: 5-ல் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, 9-ல் உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி, 13-ல் தளர்நடையிட்டு வரும் வருகை. எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் பருவமாக வைத்தது காப்பு. மாதம் முன்பின் ஆகும், வரிசை பெரும்பாலும் மாறாது. என் அனுபவத்தில் விபத்து நடப்பது குழந்தை புதிதாக ஒன்றைச் செய்த முதல் வாரத்தில்தான். நேற்று வரை எட்டாதது இன்று எட்டும். அதனால் எப்போதும் அடுத்த பருவத்துக்குக் காப்பு செய்யுங்கள். உங்கள் மகளுக்கு 7 மாதம், அவள் எதையாவது பிடித்து எழுந்து நிற்கும் நாளுக்கு முன்னால் அரைக்கதவும் ஆசிட் பெட்டியும் தயாராக இருக்க வேண்டும். படிக்கட்டுக் கேட்டுக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

இனி அந்தப் பட்டியல். மூலைக்கு ஒட்டும் ரப்பர்: இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) பசை விட்டுவிடும், தொங்குவதைக் குழந்தை கடித்துப் பிய்த்து வாயில் போடும். கூரான கண்ணாடி மேஜையை மாடிக்கு ஏற்றிவிடுங்கள், வேலை முடிந்தது. அலமாரிப் பூட்டு: நல்ல வகை ஒன்றிரண்டு வாங்கலாம், கீழ் அலமாரியில் உள்ள பொருள்களை மேலே மாற்ற முடியாவிட்டால் மட்டும். பிளக் மூடி: நம் சாக்கெட்டுக்குப் பொருந்தாத மூடிகள்தான் இணையக் கடை செட்களில் அதிகம் வருகின்றன. தளர்வாக இருந்தால் குழந்தையே பிடுங்கி விழுங்கப் பார்க்கும். புதிய சாக்கெட்டுகளில் ஓட்டைக்குள் திரை உள்ள வகை கிடைக்கிறது, தரைக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் அதற்கு மாற்றுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டு மேலேதான் இருக்கும், ஆபத்து தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும், சுவிட்ச் போட்டபடி தொங்கும் சார்ஜர் நுனியிலும்தான். குழந்தை அந்த நுனியைச் சப்பும்.

மின்சாரத்தில் பணம் போட வேண்டிய ஒரே சாமான் ஆர்.சி.சி.பி., இங்கே பலரும் ஈ.எல்.சி.பி. என்று சொல்வார்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது வயரையும் சாதனத்தையும் அதிக மின்னோட்டத்திலிருந்து காக்கும், ஆளைக் காக்காது. மனித உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் கண்டுபிடித்து நொடிக்குள் நிறுத்துவது ஆர்.சி.சி.பி. மேலே 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும், 100 அல்லது 300 என்று இருந்தால் அது ஆளுக்கானது இல்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், கரண்ட் போனால் வேலை செய்கிறது. இது குழந்தையை மட்டுமல்ல, ஈரக் கையோடு மோட்டார் போடும் மாமியையும் காக்கும்.

சின்னப் பொருள்களுக்குக் கடையில் சாமான் கிடையாது, கண்தான். ஏறக்குறைய 4 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயது வரை தரையில் இருக்கக் கூடாது. பட்டன் பேட்டரிதான் இதில் மிக மோசம். தொண்டையில் மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். ரிமோட், விளக்கு எரியும் பொம்மை, எடை பார்க்கும் மெஷின் எல்லாவற்றிலும் பேட்டரி மூடி ஸ்குரூவால் மூடியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம், திருவிழாக் கடையில் வாங்குவதில் அது பெரும்பாலும் இருக்காது. குருவாயூர் போய் வந்த வீடுகளில் குன்றிமணி கிடக்கும். அதை மென்றால் விஷம், மெல்லாமல் போனாலும் மூச்சுக்குழாயில் அடைக்கும். பூஜை அலமாரியின் சூடத்தையும் மறக்காதீர்கள். ஒரு சிறு கட்டியை விழுங்கினாலே வலிப்பு வரலாம், வெள்ளையாகக் கல்கண்டு போல இருப்பதால் குழந்தை தயங்காது.

தூக்கத்துக்கு வருவோம். மூச்சைக் கவனிக்கும் காலுறைக் கருவி வேண்டாம். ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைகளில் திடீர் மரணத்தை இவை தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் அதற்காக வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பொய்யாக அலறி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். மல்லாக்கப் படுக்க வைப்பது, மெத்தை அமுங்காமல் கெட்டியாக இருப்பது, தலையணை, பொம்மை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு அணை எதுவும் இல்லாமல் இருப்பது, இவை உறுதியான விஷயங்கள். அந்தப் பஞ்சு அணையை விற்பதையே அமெரிக்கா 2022-ல் தடை செய்தது. சேலைத் தொட்டில் பற்றித் தயங்கித்தான் சொல்கிறேன், நானும் அதில் வளர்ந்தவள், என் பிள்ளைகளும். ஆனால் 7 மாதத்தில் உருளவும் எழுந்து உட்காரவும் தெரிந்த குழந்தைக்கு அதன் காலம் முடிந்தது. எழுந்தால் விழும், உருண்டால் துணி கழுத்தில் முறுக்கும். கழுத்தில் போட்ட கருப்புக் கயிற்றையும் தூங்கும் நேரத்தில் கழற்றிவிடுங்கள், இடுப்பில் இருப்பது இருக்கட்டும். கேமரா உங்கள் கணவர் மகளைப் பார்க்க ஆசைப்பட்டு எழுதியது என்று தோன்றுகிறது. அதற்காக வாங்குங்கள், தப்பில்லை. அதன் வயர் கட்டிலிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும்.

ஆனி, ஆடிக் காற்று ஆரல்வாய்மொழியில் மட்டும் அடிப்பதில்லை. ஜன்னல் திறந்திருந்தால் உங்கள் வீட்டுக் கதவும் படாரென்று சாத்தும், கீல் பக்கம் சின்ன விரல் இருக்கும். என் அண்ணன் மகளின் விரல் நுனி அப்படித்தான் போனது. கதவின் பின்னால் சுவரில் கொக்கி போட்டு மாட்டுங்கள், அதுவரை கதவின் மேல் விளிம்பில் ஒரு தடித்த துண்டை மடித்துப் போடுங்கள். பீரோவையும் டி.வி. ஸ்டாண்டையும் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கணவர் ஊருக்கு வரும்போது திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் போவீர்கள், குழந்தை மடியில் இருக்கும். ஆசாரியாலும் பட்டறையாலும் செய்ய முடியாத ஒரே சாமான் கார் சீட்தான். அதில் மட்டும் நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பிய விதி ஆர்44 அல்லது ஆர்129 என்று எழுதிய ஆரஞ்சு நிற ஒட்டு அதில் இருக்க வேண்டும், இந்த வயதில் பின்பக்கம் பார்த்தபடி வைக்க வேண்டும். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ இந்த மாதிரி இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 2019 திருத்தச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. இந்த 15,000-க்குள் இது அடங்காமல் போகலாம், அவர் வரும் முன் தனியாகக் கேளுங்கள்.

வாங்கும் வரிசை இப்படி: இந்த வாரம் ஆசிட் பெட்டி, குளியலறைத் தாழ்ப்பாள், அடுக்களை அரைக்கதவு. அடுத்தது ஆர்.சி.சி.பி.யும் பின்வாசல் கதவும். பிறகு கிணற்று மூடியும் படிக்கட்டுக் கேட்டும். மீதி இருந்தால் கூண்டு. வெல்டிங் செலவு ஊருக்கு ஊர் மாறும், இரண்டு பட்டறையில் விலை கேளுங்கள். இணையக் கடையில் மொத்தமாக விற்கும் 40 உருப்படி பாதுகாப்பு செட்டை வாங்க வேண்டாம்.

கடைசியாக வாக்கர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாக்கரில் குழந்தை ஒரு விநாடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் போய்விடும், நீங்கள் பக்கத்தில் நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. படியில் உருண்டு தலையில் அடி, உயரம் கூடியதால் எட்டும் சூடான பாத்திரம், வாளி, எல்லாமே வாக்கரால் வருவதுண்டு. நடை சீக்கிரம் வரும் என்பதும் உண்மை இல்லை, தள்ளிப்போகவும் கூடும். கனடா 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது. மாமிக்கு மனம் நோகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அவள் பிடித்து நிற்கத் தொடங்கியதும், நம் பழைய மர நடைவண்டி ஒன்றை மாமியிடமே வாங்கித் தரச் சொல்லுங்கள். அதில் குழந்தை தன் காலில் நின்று தள்ளிப் போகும், அதன் வேகம் குழந்தையின் வேகம்தான். சமதரையில், யாராவது கூடவே நடந்தால் போதும். வாக்கரை என்ன செய்தாய் என்று அவர் கேட்டால், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேண்டாம் என்று சொன்னார் என்று என் பெயரில் போட்டுவிடுங்கள். இன்னொரு வீட்டுக்குக் கொடுக்காமல், சக்கரத்தைக் கழற்றி ஆக்கருக்கு (பழைய சாமான் எடுப்பவருக்கு) போட்டுவிடுங்கள்.